விருந்தாளிக்காகக் குளித்த நாய்

கையில் கயிறு. கயிற்றின் நுனியில் மூங்கில் குச்சி. குச்சியில் கட்டிய வெள்ளை ஃபிளானல் துணி தரையோடு தரையாக இழுபட்டு வருகிறது. அதை இழுத்துக்கொண்டு காபிச் செடிகளுக்கு நடுவே நான் குனிந்து குனிந்து நடக்கிறேன்.

எனக்குப் பின்னால், கருப்புக் குடையை என் தலைக்கு மேல் பிடித்தபடி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் அந்தோணிசாமி. அவருக்குப் பின்னால் பிளாஸ்க்கோடு ஒருத்தர். பிளாஸ்க்குக்குப் பின்னால் பிஸ்கட் தட்டோடு இன்னொருத்தர். ஊர்வலம்தான்! மேளம் மட்டும் இல்லை.

மழையும் இல்லை, வெயிலும் இல்லை. மலை முழுக்க டிசம்பர் மூடுபனி. எதற்கு ஐயா குடை என்று கேட்டேன்.

“பனி விழுதுங்க டாக்டரம்மா. தலைல நீர் கோத்துக்குமுங்க.”

“மடக்குங்க ரைட்டரே. செடியில இடிக்குது.”

“சேரீங்க” என்றார். மடக்கவில்லை.

கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் நின்று துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். புல் நுனியில் காத்துக்கொண்டிருக்கும் உண்ணி, ஆடோ மாடோ உரசிக்கொண்டு போகிறது என்று நினைத்துத் துணியில் தொற்றிக்கொள்ளும். வெள்ளையில் மிளகு மாதிரி தெரியும். பொறுக்கிக் குப்பியில் போட வேண்டியதுதான். எங்கள் தொழிலில் பெரிய கருவி என்று ஏதும் கிடையாது. துவைத்த துணியும் குனியத் தெரிந்த முதுகும் இருந்தால் போதும்.

அன்று துணியில் ஒரு உண்ணி இல்லை. ஒரு எறும்புகூட இல்லை. கடையில் கிழித்து வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே வெள்ளை வெளேர் என்று இருந்தது.

“நொம்பச் சுத்தமுங்க நம்ம எஸ்டேட்டு” என்றார் ரைட்டர், பெருமையாக.

எனக்கு அழுகை வந்தது.

பெண் என்ன செய்கிறாள்?

போன வாரம் இந்தத் தொடரில் மாட்டு உண்ணி முட்டையிடுவதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே படித்துவிட்டதாக ஒரு வாசகி என்னைத் திட்டித் தீர்த்திருக்கிறார். தாயே, இந்த வாரம் எலியும் வருகிறது. சாப்பிட்டு முடித்துவிட்டுப் படியுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டாக்டர்தான், ஆனால் பூச்சி டாக்டர். உண்ணியும் பூச்சியும் மனிதர்களுக்கு என்னென்ன காய்ச்சலைக் கொண்டுவருகின்றன என்று தேடிப் பிடிப்பது என் உத்தியோகம். ஊசி போடத் தெரியாது. மாத்திரை எழுதித் தரத் தெரியாது.

இதைச் சொன்னால் அந்தக் காலத்தில் யார் நம்பினார்கள்? என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளையின் அம்மா கேட்டார், “பொண்ணு என்ன பண்றா?”

“ஆராய்ச்சி” என்றார் அப்பா.

“என்ன ஆராய்ச்சி?”

அப்பா கூரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், “உண்ணி.” நாலு காபி டம்ளர்கள் ஒரே நேரத்தில் கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

அடுத்து வந்தவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. “அதுக்கு எத்தனை கால்?” என்று கேட்டார். வளர்ந்ததுக்கு எட்டு, குஞ்சுக்கு ஆறுதான் என்றேன். “அட!” என்றார். அந்த “அட”வுக்காகவே அவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். காட்டுக்குள் நான் போட்டுக்கொண்டு அலைந்ததெல்லாம் அவருடைய பழைய பேண்ட்டுகள்தான்.

ஏற்காட்டு மலையிலும் என் “டாக்டர்” பட்டம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஜீப் நின்றால் போதும், இடுப்பு வலி, மூட்டு வலி, தலைசுற்றல் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். எங்கள் ஜீப் டிரைவர் ஜப்பார் பாய் ஏற்காட்டுக்காரர். அவருடைய அண்ணன் அங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடை வைத்திருந்தார். பாய் கீழே இறங்கி, “மேடம் பூச்சிக்கு மட்டுந்தான் பாப்பாங்க! பூச்சிக்கு மட்டுந்தான்!” என்று ஏலம் விடுகிற மாதிரி கத்துவார்.

ஒரு பெரியவர் நகரவே இல்லை. வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார். “இதுவும் பூச்சி அரிச்சதுதானுங்களே?” என்றார். பார்த்தேன். அரித்துத்தான் இருந்தது.

குற்றவாளியின் பெயர் ஜிம்மி

நாகலூரைத் தாண்டி அந்த எஸ்டேட். பெயர் வேண்டாம். மழை ஓயும் சமயத்தில் அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒரு காய்ச்சல் வந்தது. தலை பிளக்கிற வலி, கண் சிவப்பு, உடம்பெல்லாம் லேசான தடிப்பு. டைபாய்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை.

முதலில் படுத்தவர் ஆரோக்கியமேரி. காபிப் பழம் பறிக்கிறவர், ஆள் பற்றாத நேரத்தில் எந்த வேலைக்கும் கூப்பிட்டால் போகிறவர். புருஷன் இல்லை. மகள் ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். லைனின் கடைசி வீட்டில் மேரியும் ஜிம்மியும் மட்டும்தான்.

ஜிம்மி செம்பட்டை நிற நாய். ஒரு காது மடங்கியிருக்கும். மேரி காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்த அன்று பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, ஆள் வரும்வரை குரைத்தது அந்த நாய்தான். அது மட்டும் குரைக்காமல் இருந்திருந்தால் மேரி கிடப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

தகவல் கிடைத்து நாங்கள் ஒரு முறை வந்தோம். எஸ்டேட்டின் கெஸ்ட் பங்களாவில் தங்கி, துணி இழுத்து, வெறுங்கையோடு மலையிறங்கினோம். மேரி எப்படியோ பிழைத்துக்கொண்டார். ஆனால் நாங்கள் போன கொஞ்ச நாளில் தேவசகாயம் என்பவரும் அவர் தம்பியும் அதே காய்ச்சலில் விழுந்தார்கள். மறுபடியும் வந்தோம். அப்போது நடந்ததுதான் குடை ஊர்வலம்.

அதற்குள் எஸ்டேட் மேனேஜர் வழக்கை விசாரித்துத் தீர்ப்பும் எழுதிவிட்டார். ஆஸ்பத்திரி டாக்டர், பூச்சி கடித்து வருகிற காய்ச்சலாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். அவ்வளவு போதாதா?

“பூச்சி எங்க இருக்கு? நாய் மேல. காய்ச்சல் மொதல்ல யாருக்கு வந்துச்சு? மேரிக்கு. மேரி வீட்டுல என்ன இருக்கு? நாய்” என்றார் மேனேஜர்.

கிறிஸ்துமஸுக்கு முதலாளி குடும்பத்தோடு வருகிறார். அதற்குள் லைனில் ஒரு நாய்கூட இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்ததும் கீழேயிருந்து ஆள் வந்து எல்லா நாய்க்கும் ஊசி போட்டு முடித்துவிடுவார். முதல் ஊசி ஜிம்மிக்கு.

நாய் உண்ணி கடித்தும் ஒரு காய்ச்சல் வரும், அது உண்மை. அதனால் மேனேஜரை முட்டாள் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வழியில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“நாயாலதான்னு எனக்கு இன்னும் தெரியாது சார். தேடிப் பாக்கணும்” என்றேன்.

“தேடுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தேடுங்க” என்றார்.

மேரி அலுவலக வாசலிலேயே நின்றிருந்தார். காய்ச்சலில் முடி கொட்டிப்போய்த் தலை மெலிந்திருந்தது. “அது கடிக்கவே கடிக்காதுங்க டாக்டரம்மா. நீங்களாச்சும் சொல்லுங்க” என்றார். ஜிம்மி அவர் காலுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

பினாயில் வாசம்

முதலில் ஜிம்மியைச் சோதித்துவிடலாம் என்று கொண்டுவரச் சொன்னேன். பக்கத்தில் வருவதற்கு முன்பே வாசம் வந்தது. சிவப்புச் சோப்பு, அதற்கு மேல் பினாயில், அதற்கும் மேல் முகப் பவுடர்! வகிடு எடுக்காத குறையாக வாரிவிட்டிருந்தார்கள். காதுக்குள் பார்த்தேன், விரலிடுக்கில் பார்த்தேன், வாலடியில் பார்த்தேன். பொட்டு உண்ணி கிடையாது.

சரி, மாடுகளைப் பார்க்கலாம் என்று போனேன். மாடுகள் பளபளவென்று நின்றன. ஆடுகளின் மேல் ஈரம்கூட இன்னும் காயவில்லை. கோழிகளைக் கழுவினார்களா என்று கேட்கப் பயமாக இருந்தது.

திரும்பி வருகிற வழியில் எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. குனிந்து புல்லின் அடியைப் பார்த்தேன். வெள்ளையாகத் தூள். அந்த நெடி எனக்குத் தெரியும். காபித் தண்டைத் துளைக்கிற வண்டுக்குப் போடுகிற பூச்சி மருந்து.

“ரைட்டரே, நடைபாதையில மருந்து போட்டது யாரு?”

அவர் முகம் மலர்ந்தது. எப்போது கேட்பேன் என்று காத்திருந்தவர் மாதிரி மலர்ந்தது.

“நான்தானுங்க போடச் சொன்னனுங்க! நீங்க வர்றீங்கன்னு சேதி வந்ததுமே ஆளு அனுப்பிப்போட்டேனுங்க. நீங்க நடக்கிற வழியெல்லாம் புல்லு வெட்டி, மருந்து தூவி, மாடு கன்னு கழுவி, நாய்க்கெல்லாம் பினாயில் தண்ணி ஊத்தி... போன தடவையும் அப்படித்தானுங்க.”

“ஐயா! நான் உண்ணி புடிக்க வந்திருக்கேன்!”

“தெரியுமுங்க. அதுக்குத்தானுங்களே! நம்ம ஊட்டுக்கு வர்ற பெரியவங்க கால்ல உண்ணி ஏறலாமுங்களா? நாளைக்குக் கீழ போயி, அந்தோணி பாக்கற எஸ்டேட்டுல உண்ணி மண்டிக் கெடக்குதுன்னு நீங்க சொல்லிப்போட்டா என்ற மானம் என்னத்துக்கு ஆகுமுங்க?”

எனக்குக் கோபம் மூக்கு மேல் வரும் என்று என் கணவர் சொல்வார். வருவதென்ன, அங்கேயே குடியிருக்கும். கயிற்றையும் துணியையும் தரையில் எறிந்தேன்.

“எனக்கு அழுக்கு வேணும் ரைட்டரே! குப்பை வேணும்! சொறிநாய் வேணும்! உங்க சுத்தத்தைக் கொண்டுபோய் ஆத்துல போடுங்க!”

காபி பறித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கூடையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். ஜப்பார் பாய் ஜீப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதை வைத்துச் சிரிக்கிறார் என்று தெரிந்தது. ரைட்டர் மட்டும் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு. இருந்தாலும் குடையை என் தலைக்கு மேலிருந்து எடுக்கவில்லை.

துவைத்துத் தந்த உபகாரம்

இந்த மலையில் மரியாதையால் நான் பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம். கரடியூரில் ஒரு ஆட்டுக்குட்டியைச் சோதிக்கக் கேட்டேன், மாலை போட்டுக் கூட்டிவந்தார்கள். மாலையை ஆடு தின்றுகொண்டிருக்கும்போதே சோதித்தேன்.

வெள்ளக்கடையில் இன்னும் மோசம். நாள் முழுக்க இழுத்த துணியை, அதில் ஒட்டிய உண்ணிகளோடு சுருட்டிப் பையில் கட்டி வைத்திருந்தேன். மறுநாள் காலையில் அது இல்லை. தேடித் தேடிப் பைத்தியம் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். துணியைக் கொண்டுபோய்த் துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி போட்டு, நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

“நொம்ப அழுக்கா இருந்துச்சுங்கக்கா” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நான் “தேங்க்ஸ்” என்று சொன்னேன். வேறென்ன சொல்ல? அவ்வளவு வெள்ளையாக அந்தத் துணி அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

யார் வெட்டினார்கள்?

பங்களா வராந்தாவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பங்களா வருஷம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். விருந்தாளி வந்தால் மட்டும் திறப்பார்கள். சுற்றிலும் புதிதாக வெட்டிய பச்சை வாசனை. வெட்டிய இடத்தை ஒட்டி ஆள் உயரத்துக்குப் புதர், சுவர் வைத்த மாதிரி அடர்ந்து நின்றது.

ரைட்டர் காபியோடு வந்தார். கொடுத்துவிட்டுத் தூணோரம் கைகட்டி நின்றார். கத்தியது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. சமாதானமாக ஏதாவது பேசுவோம் என்று, “இவ்வளவு அழகா யாரு வெட்டினா?” என்று கேட்டேன்.

அவர் உடனே பழைய ரைட்டர் ஆகிவிட்டார். “எப்பவும் மேரிதானுங்க வெட்டும். மழையப்போ சேலத்துல இருந்து ஆபீசருங்க வந்தாங்க பாருங்க, அப்பக்கூட மேரிதான். அப்புறம் அதுக்குக் காய்ச்சல் வந்துபோச்சு. நீங்க மொதத் தடவ வந்தப்போ தேவசகாயமும் தம்பியும் வெட்டுனாங்க.”

காபி என் வாய்க்குப் போகவில்லை. டம்ளரைக் கீழே வைத்தேன்.

“ரைட்டரே. காய்ச்சல் வந்தது மேரிக்கு. அப்புறம் தேவசகாயத்துக்கும் தம்பிக்கும். வேற யாருக்காவது வந்துச்சா?”

“இல்லீங்களே.”

“லைன்ல எத்தனையோ பேரு நாய் வளக்கறாங்க. அவங்க யாருக்கும் வரலையா?”

“வரலீங்க.”

“இந்தத் தடவை யாரு வெட்டினா?”

கொஞ்சம் கூச்சத்தோடு தலையைத் தடவிக்கொண்டார். “பறிப்பு நேரமுங்களா, ஆளு கெடைக்கலீங்க. நானேதானுங்க வெட்டுனேன்.”

காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்று நான் மலையெல்லாம் துணி இழுத்துக்கொண்டிருந்தேன். அது என்னை வரவேற்பதற்காக வெட்டிய புதரில் இருந்தது. விருந்தாளி வருகிற ஒவ்வொரு தடவையும் இந்த ஜனங்கள் அதற்குள் இறங்கி வெட்டியிருக்கிறார்கள், காய்ச்சலில் விழுந்திருக்கிறார்கள்.

இடுப்பில் ஒரு வடு

நேரே மேரி வீட்டுக்குப் போனேன். உடம்பில் எங்கேயாவது கருப்பாகப் பொருக்கு வந்து உதிர்ந்ததா என்று கேட்டேன். மேரி என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சேலைக் கொசுவத்தை லேசாகத் தளர்த்தி இடுப்பைக் காட்டினார்.

வட்டமாக ஒரு வடு. யாரோ சிகரெட்டால் சுட்ட மாதிரி.

“வலி ஒண்ணும் இல்லீங்க. அதனால நானும் கண்டுக்கலை. ஆஸ்பத்திரி டாக்டர் ஆம்பளைங்க. நாக்க நீட்டுன்னாரு, நீட்டுனேன். இதையெல்லாம் அவருகிட்டக் காட்ட முடியுமுங்களா?”

அந்த வடுவைப் பார்த்ததும் எனக்கு மேரியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நாய் உண்ணி இப்படி வடு வைப்பது அபூர்வம். இது வேறு ஆள். புதரில் எலிகளை அண்டி வாழ்கிற ஒரு பொடிச் சிவப்புப் பூச்சி. உண்ணிக்குத் தூரத்துச் சொந்தம், மணலைவிடச் சின்னது. அதன் ஆறு கால் குஞ்சுதான் புதருக்குள் போகிறவர்கள் மேல் ஏறி, துணி இறுக்கிக் கட்டிய இடமாகப் பார்த்துக் கடிக்கும். ஸ்க்ரப் டைபஸ் என்று அந்தக் காய்ச்சலுக்குப் பெயர். அப்போது நம் பக்கத்தில் அதை நினைத்துப் பார்ப்பவர்களே குறைவு.

தேவசகாயத்தைச் சோதிக்க ஜப்பார் பாயை அனுப்பினேன். போன வேகத்தில் வந்தார். “அரைஞாண் கயித்துக்குக் கீழ இருக்கு மேடம். தம்பிக்கு அக்குள்ள.” இதை டாக்டரிடம் சொல்லச் சொல்லி அதே ஜீப்பில் பாயை ஆஸ்பத்திரிக்குத் துரத்தினேன். விஷயம் தெரிந்ததும் டாக்டர் மருந்தை மாற்றிவிட்டார்.

மேரிக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. “அப்ப என்ற ஜிம்மி தப்பிச்சுக்குமுங்களா?” என்று கேட்டார்.

“அந்தப் புதர்ல இருந்து பூச்சியோட ஒரு எலி கிடைக்கணும் மேரி. கிடைச்சா, மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

“எலிதானுங்களே? கெடைக்குமுங்க. மாதாகிட்டச் சொல்றேன்” என்றார் மேரி. எலிக்காக மாதாவிடம் வேண்டியவர் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

மசால்வடை

சனிக்கிழமை பொழுதோடு புதருக்குள் பொறிகளை வைத்தோம். இரைக்கு ஜப்பார் பாய் அண்ணன் கடை மசால்வடை. “எனக்குக்கூட எங்கண்ணன் சூடா வடை குடுத்ததில்ல மேடம். எலிக்குன்னதும் பொட்டலம் கட்டிக் குடுத்துட்டாரு” என்று பாய் வழியெல்லாம் புலம்பினார்.

“காலையில நான் வர்றதுக்குள்ள இங்க ஒரு புல்லை வெட்டினீங்க, நான் பொல்லாதவளாயிருவேன்” என்று ரைட்டரிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

ஞாயிறு விடிந்தது. பொறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனோம். காலி. அடுத்ததும் காலி. ஒன்றில் வடை போயிருந்தது, எலி இல்லை. பாய்க்கு வயிறு எரிந்தது. கீழே கோவிலில் பூசை முடிகிற மணி அடித்தது. காபி காயவைக்கும் களத்தில் ஒரு வேன் வந்து நின்றிருந்தது. லைன் நாய்களையெல்லாம் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். மேரி பூசைக்குப் போகவில்லை. ஜிம்மியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

கடைசிப் பொறியில் எலி இருந்தது.

மயக்க மருந்துப் பஞ்சை வைத்து அதை உறங்க வைத்து, காதை மடக்கி லென்ஸில் பார்த்தேன். காதுக்குள் கேசரிப் பவுடர் சிந்தின மாதிரி செக்கச்செவேலென்று அப்பியிருந்தது. ஒன்றை மட்டும் ஊசி நுனியில் எடுத்துப் பார்த்தேன். ஆறு கால். நான் தேடிய அதே குஞ்சுப் பூச்சிதான்!

அப்புறம் நான் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! புருஷனின் பழைய பேண்ட், ரப்பர் பூட்ஸ், கையில் வாலைப் பிடித்துத் தொங்கவிட்ட எலி. பூசை முடிந்து வெள்ளையும் சொள்ளையுமாக வெளியே வந்த ஜனங்கள் அலறிக்கொண்டு வழிவிட்டார்கள். யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். பின்னால் பாய், “வழி உடுங்க! பூச்சிக்கு மட்டுந்தான்!” என்று, என்ன கத்துகிறோம் என்றே தெரியாமல் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

களத்தில் மேனேஜர் முன்னால் இருந்த மேசையில் எலியைப் போட்டேன். அவர் நாற்காலியோடு பின்னுக்குப் போனார். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பங்களாப் புதரில் எலி, எலிக் காதில் பூச்சி, புதரை வெட்டினவர்களுக்கு மட்டும் காய்ச்சல், அவர்கள் உடம்பில் வடு. லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்.

“நீங்க சொல்றது சரியா இருக்கலாம்மா. ஆனா நாயும் இல்லாம இருந்தா இன்னும் நல்லதுதானே?” என்றார்.

இத்தனை ஓட்டம் ஓடி, இப்படி ஒரு பதில்! ஊசிக்காரர் பெட்டியைத் திறந்தார். மேரி ஜிம்மியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

அப்போது ஜப்பார் பாய் ரொம்பப் பணிவாகக் கேட்டார், “ஏனுங்க சார், கிறிஸ்துமஸுக்கு மொதலாளி குடும்பம் எங்க தங்கறாங்க?”

“பங்களாவுலதானுங்க” என்றார் ரைட்டர், உதவியாக.

மேனேஜர் எலியைப் பார்த்தார். பங்களாவைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் முழங்காலுக்குக் கீழே சொறிய ஆரம்பித்தார்.

“நாய் கெடக்கட்டும். பங்களாவுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க!”

“முதல்ல நாய்களை அவுத்து விடச் சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்.”

அவிழ்த்து விட்டார்கள். மேரி ஜிம்மியின் மடங்கிய காதில் முகத்தை வைத்துக்கொண்டு “கண்ணு, சாமி” என்று அழுதார். நானும் அழுதேன். எலியைப் பிடித்த கையால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாமல் அப்படியே நின்றேன்.

அந்த வருஷம் முதலாளி குடும்பம் ஏற்காட்டு ஓட்டலில் தங்கிவிட்டது. காய்ச்சல்காரர்களிடம் எடுத்த இரத்தத்தின் பரிசோதனை முடிவும் பின்னால் வந்தது, எங்கள் பக்கம்தான் பேசியது. தேவசகாயமும் தம்பியும் எழுந்து நடமாடினார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் ரைட்டருக்குக் காய்ச்சல் வந்தது, நான் பயந்த மாதிரியே. என்ன காய்ச்சல் என்று தெரிந்திருந்ததால் முதல் நாளே மருந்து ஆரம்பித்து, சீக்கிரம் தேறிவிட்டார். பார்க்கப் போனபோது அந்த மனுஷர் கட்டிலை விட்டு எழுந்திருக்கப் பார்த்தார். எதற்கு? எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போடத்தான்.

மறுபடியும் அங்கே

அடுத்த மழைக்குப் பிறகு போனோம். இந்த முறை நாய் உண்ணிகளைப் பற்றியே ஒரு தனி ஆராய்ச்சி. எஸ்டேட் கேட்டில் ரைட்டர் நின்றிருந்தார். குடை இல்லை. தலை குனிந்திருந்தது.

“பாருங்க டாக்டரம்மா. புல்லு முழங்காலுக்கு நிக்குது. உங்க வார்த்தைக்காக ஒரு கத்தி படலீங்க. பாக்கறவனெல்லாம் அந்தோணிக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறானுங்க” என்றார். பாவம், மனுஷருக்கு என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே முடியவில்லை.

துணியைப் போட்டு இழுத்தேன். திருப்பிப் பார்த்தால் மிளகு மிளகாக உண்ணி! நான் போட்ட கூச்சலில் ரைட்டர் பயந்தே போனார்.

லைன் வீட்டுப் பக்கம் போனேன். மேரியைப் பார்ப்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. இந்தத் தடவை பினாயில் வாடை இல்லை. சேறு, சாணி, இன்னும் பெயர் தெரியாத என்னென்னவோ. அதற்கு நடுவில் ஜிம்மி உட்கார்ந்து பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. செம்பட்டை நிறமே தெரியவில்லை.

“நீங்க நாயி உண்ணி தேடி வர்றீங்கன்னு ரைட்டர் சொன்னாருங்க” என்றார் மேரி. “அன்னையில இருந்து குளிப்பாட்டலை. காதுக்குள்ள ஒண்ணைக்கூடப் புடுங்காம வெச்சிருக்கேனுங்க. எல்லாரும் நாயை ஊட்டுக்குள்ள விடாதேன்னு திட்டுனாங்க. நான் கேக்கலை. அத்தனையும் உங்களுக்குத்தானுங்க டாக்டரம்மா.”

ஜிம்மி வந்து என் மடியில் தலையை வைத்து, மடங்கிய காதை மேலே காட்டியது. எத்தனையோ வீடுகளில் எனக்கு இலை போட்டுப் பாயசம் ஊற்றியிருக்கிறார்கள். இப்படி ஒரு விருந்து எனக்கு யாரும் வைத்ததில்லை.

பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பியில் போட்டேன். நேரம் போனதே தெரியவில்லை. எல்லாம் முடிந்ததும் முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.

“மேரி, வெந்நீர் வைங்க. சோப்பு எங்க இருக்கு?”

“ஐயோ, நீங்க எதுக்குங்க! நீங்க விருந்தாளிங்க!”

“எனக்காகத்தானே இவன் நாறிக்கிட்டுக் கெடந்தான்? சோப்பை எடுங்க” என்றேன்.

ஜிம்மியைக் குளிப்பாட்டி முடித்தபோது நான் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தேன். ரைட்டர் ஓடிப்போய்க் குடையை எடுத்துக்கொண்டு வந்து என் தலைக்கும் ஜிம்மியின் தலைக்கும் மேல் பிடித்தார்.